ஒளிர்வதெல்லாம் உறவல்ல: ஃபுளோரசன்ட் ஆன்டிபாடியால் பாக்டீரியாக்களை வகை பிரிப்பது

ஒரே ஸ்லைடில் இரண்டு குழிகள். ஒன்றில் ஒரு பாக்டீரியா, அடுத்ததில் அதன் பங்காளி. முதலாவதை முயலுக்குச் செலுத்தி எடுத்த ஆன்டிபாடியில் பச்சைச் சாயம் ஏற்றி இரண்டு குழிகளிலும் விட்டு, கழுவி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் இரண்டுமே பளிச்சென்று பச்சை. "அப்போ ரெண்டும் ஒண்ணுதான்" என்று நோட்டில் எழுதினால் வேலை முடிந்தது, தப்பாக முடிந்தது. அந்த ஆன்டிபாடி அடங்கிய சீரத்தை, அதாவது முயல் ரத்தத்தின் தெளிநீரை, 1:8 என்று நீர்த்து விட்டிருந்தால் தூரத்துச் சொந்தம்கூட ஒளிரும். 1:4096 என்று நீர்த்தால் எந்தச் செல்லுக்கு எதிராக அது உருவானதோ அந்தச் செல்லே இருட்டில் கிடக்கும். ஒரு சீரம், ஒரு நீர்த்தல், ஒரு பார்வை: இந்த மூன்றை வைத்து உறவு சொல்ல முடியாது. ஒவ்வொரு செல்லையும் ஒவ்வொரு சீரத்தோடும் மாற்றி மாற்றி வைத்து, முழுக் கட்டத்தையும் நிரப்பிய பிறகுதான் யார் யாருக்கு எவ்வளவு நெருக்கம் என்று பேச முடியும்.

முறை பழையது. ஆல்பர்ட் கூன்ஸ் 1941-இல் ஆன்டிபாடியில் ஒளிரும் சாயத்தைக் கோத்துக் காட்டினார். முதலில் நீலமாக ஒளிரும் ஆந்த்ரசீன் வகைச் சாயம். திசுவே இயல்பாக நீலம் காட்டும் என்பதால் அதில் குழப்பம் வந்தது, உடனே ஃபுளோரசீனுக்கு மாறினார். 1958-இல் ஃபுளோரசீன் ஐசோதயோசயனேட், அதாவது எஃப்.ஐ.டி.சி., வந்த பிறகு சாயமேற்றுவது சாதாரண ஆய்வகமும் செய்யக்கூடிய வேலையானது. அதே ஆண்டிலேயே ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸை இந்த முறையில் அடையாளம் கண்டார்கள்.

முயலுக்குள் போவது எது

பாதித் தவறுகள் மைக்ராஸ்கோப் பக்கமே வருவதற்கு முன்பு நடந்துவிடுகின்றன. பாக்டீரியாவின் மேற்பரப்பு ஒரே பொருளால் ஆனதல்ல. கிராம் நெகட்டிவ் செல்லில் எல்.பி.எஸ். (லிப்போபாலிசாக்கரைடு என்ற கொழுப்பு-சர்க்கரைப் பொருள்) சங்கிலியின் நுனியில் ஓ ஆன்டிஜென் (ஆன்டிஜென் என்றால் ஆன்டிபாடி போய் ஒட்டும் பொருள்), அதன் மேல் சிலவற்றில் கே ஆன்டிஜென் எனப்படும் உறை, கசையிழையில் ஹெச் ஆன்டிஜென், வெளிச்சவ்வில் புரதங்கள். இவற்றில் சில ஒரு பேரினம் முழுவதற்கும் பொது. சில ஒரு வகைக்கு மட்டுமே சொந்தம். முயல் இதையெல்லாம் பார்ப்பதில்லை, கண்ணில் பட்ட அத்தனைக்கும் ஆன்டிபாடி செய்து வைக்கும். ஆகவே எதற்கு எதிராகச் சீரம் வேண்டும் என்பதைச் செல்களைத் தயாரிக்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும்.

ஓ ஆன்டிஜென் மட்டும் போதும் என்றால் செல்களை 100 டிகிரியில் 1 மணி நேரம் வைக்கலாம். கசையிழையும் வெப்பம் தாங்காத புரதங்களும் போய்விடும், எல்.பி.எஸ். நிற்கும். மேற்பரப்பு முழுவதும் அப்படியே வேண்டும் என்றால் 0.5 சதவீத ஃபார்மலினில் கொல்ல வேண்டும். சால்மொனெல்லா டைஃபியில் இதன் வித்தியாசம் கண்கூடு. வி.ஐ. என்ற உறை ஓ ஆன்டிஜெனை மூடிக்கொண்டிருப்பதால் உயிருள்ள செல்லில் ஓ சீரம் ஒட்டாது. அதே செல்லைக் கொதிக்கவைத்தால் உறை கழன்று ஒட்டும். இது தெரியாமல் ஸ்லைடு பார்க்கிறவர் அதை வேறு பிரிவில் போட்டுவிடுவார்.

அடுத்த ஆபத்து, சொரசொர வடிவம். எல்.பி.எஸ். நுனிச் சங்கிலியை இழந்த செல்கள் இவை. அடிக்கடி மறுவளர்ப்பு செய்த ஸ்ட்ரெய்னில் (ஒரே இனத்துக்குள் தனியான ஒரு வழியில்) இவை தலைதூக்கும். வகைக்குரிய ஆன்டிஜெனே அவற்றில் இல்லை. இருப்பது எல்லாருக்கும் பொதுவான உள்பகுதி மட்டும். இதைக் கொடுத்து எடுத்த சீரம் பார்ப்பதையெல்லாம் சொந்தம் என்று சொல்லும். பரிசோதனை எளிது: 0.85 சதவீத உப்புநீரில் செல்களைக் கலக்கித் தனியே வையுங்கள். சீரம் எதுவும் சேர்க்காமலே திரிதிரியாகச் சேர்ந்து அடியில் படிந்தால் அந்த வளர்ப்பு வேண்டாம்.

மூன்றாவது பலருக்கும் தோன்றாது. ரத்தமோ சீரமோ கலந்த ஊடகத்தில் வளர்த்த செல்களை முயலுக்குக் கொடுத்தால், செல்லில் ஒட்டிய ஊடகப் புரதத்துக்கும் ஆன்டிபாடி வரும். பிறகு அதே ஊடகத்தில் வளர்த்த எந்த பாக்டீரியாவை ஸ்லைடில் வைத்தாலும் மெல்லியதாக ஒளிரும். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு இனங்கள் "நெருங்கிய உறவு" ஆகிவிடும். முயலுக்கான செல்களை வேறு ஊடகத்தில் வளர்ப்பதும், உப்புநீரில் மூன்று முறை கழுவுவதும் இதற்கு வைத்தியம்.

ஊசி அட்டவணையில் பெரிய ரகசியம் இல்லை. மில்லிலிட்டருக்கு சுமார் 100 கோடி கொல்லப்பட்ட செல்கள். காதுச் சிரையில் 0.5, 1, 1, 2 மில்லிலிட்டர் என 3 அல்லது 4 நாள் இடைவெளியில் ஏற்றி, கடைசி ஊசிக்கு ஒரு வாரம் கழித்து ரத்தம் எடுப்பது ஒரு வழக்கம். விலங்கு நெறிக்குழு அனுமதி இல்லாமல் எதுவும் தொடங்கக் கூடாது. முதல் ஊசிக்கு முன்பே கொஞ்சம் ரத்தம் எடுத்து வைப்பதுதான் இங்கே முக்கியம். முயலின் உடலில் இயல்பாகவே சில பாக்டீரியாக்களுக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கும். அந்த முன்சீரம் உங்கள் ஸ்லைடில் ஒளிர்ந்தால் அந்த முயல் உதவாது.

இன்னொன்று: ஊசியை நீட்டிக்கொண்டே போனால் டைட்டர் (எவ்வளவு நீர்த்தாலும் சீரம் ஒளிரும் என்ற எல்லை) ஏறும், கூடவே குறுக்கு ஒட்டலும் (பங்காளிச் செல்லிலும் ஒட்டுவதும்) ஏறும். நெருங்கிய வகைகளைப் பிரிக்க வேண்டுமானால் சீக்கிரம் எடுத்த, கொஞ்சம் பலவீனமான சீரமே நல்லது. புள்ளிக்காய்ச்சல் பிரிவு ரிக்கெட்ஸியா பாக்டீரியாக்களை வகை பிரித்த 1978-ஆம் ஆண்டு முறையில் முயலையே விட்டுவிட்டு எலிகளுக்குப் போனார்கள். சிரையில் இரண்டே ஊசி, ஒரு வார இடைவெளி, இரண்டாவது ஊசிக்குச் சில நாட்களில் ரத்தம். குறுகிய காலச் சீரம் என்பதால் வகைக்குரிய வித்தியாசம் அதில் தூக்கலாகத் தெரிந்தது.

சாயமேற்றுதல்

முழுச் சீரத்தில் சாயமேற்றக் கூடாது. அல்புமின் முதலான எல்லாப் புரதமும் சாயத்தை வாங்கிக்கொண்டு ஸ்லைடு முழுக்க ஒட்டும். 40 முதல் 50 சதவீதத் தெவிட்டு நிலையில் (சாச்சுரேஷன்) உள்ள அமோனியம் சல்ஃபேட்டில் குளோபுலினை, அதாவது ஆன்டிபாடி அடங்கிய புரதப் பகுதியை, வீழ்த்தி, சென்ட்ரிஃபியூஜ் செய்து, கரைத்து, உப்புநீரில் டயாலிசிஸ் செய்யுங்கள். வெளித்திரவத்தில் சில துளி பேரியம் குளோரைடு விட்டு வெண்மை வருவது நிற்கும் வரை மாற்றிக்கொண்டே இருங்கள். இதை பாஸ்பேட் பஃபரில் செய்தால் பாஸ்பேட்டே வெண்மை காட்டி ஏமாற்றும், வெறும் உப்புநீர்தான் சரி. அமோனியா மிச்சமிருந்தால் எஃப்.ஐ.டி.சி. ஆன்டிபாடியை விட்டு அதைப் பிடித்துக்கொள்ளும். டிரிஸ், கிளைசின், சோடியம் அசைடு எல்லாமே இதே வகைக் கெடுதல். சாயமேறும் வரை இவை எதுவும் பக்கத்தில் வரக் கூடாது.

புரதத்தை 0.1 மோலார் கார்பனேட் பஃபரில், பி.ஹெச். 9.0 முதல் 9.5-க்குள், மில்லிலிட்டருக்கு 5 முதல் 10 மில்லிகிராம் அளவில் வைத்துக்கொள்ளுங்கள். எஃப்.ஐ.டி.சி.யை ஈரமில்லாத டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் என அப்போதே கரைக்க வேண்டும். நேற்று கரைத்தது வேண்டாம். புரதத்தின் ஒவ்வொரு மில்லிகிராமுக்கும் 25 முதல் 50 மைக்ரோகிராம் சாயம். மெதுவாகக் கலக்கிக்கொண்டே சொட்டுச் சொட்டாக விடுங்கள், நுரை வந்தால் புரதம் கெட்டது என்று பொருள். இருட்டில், அறை வெப்பத்தில் 2 மணி நேரம் அல்லது 4 டிகிரியில் ஒரு இரவு. பிறகு, மூலக்கூறுகளை அளவு வாரியாகப் பிரிக்கும் செஃபடெக்ஸ் ஜி-25 பத்தியில் (குழாயில்) இறக்கினால் இரண்டு மஞ்சள் பட்டைகள் பிரிந்து வருவது கண்ணுக்கே தெரியும். முன்னால் வருவது சாயமேறிய ஆன்டிபாடி. பின்னால் நிற்பது ஒட்டாத சாயம். முதல் பட்டையை மட்டும் பிடிக்க வேண்டும்.

எவ்வளவு ஏறியது என்று அளக்காமல் அடுத்த அடி வைக்காதீர்கள். 495 நானோமீட்டரிலும் 280 நானோமீட்டரிலும் ஒளி உறிஞ்சலைப் படியுங்கள். 495-இன் அளவை 2.77-ஆல் பெருக்குங்கள். 280-இன் அளவிலிருந்து, 495-இன் அளவை 0.35-ஆல் பெருக்கியதைக் கழியுங்கள், ஏனென்றால் சாயமும் 280-இல் கொஞ்சம் உறிஞ்சும். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் ஒரு ஆன்டிபாடிக்கு எத்தனை சாய மூலக்கூறு என்பது கிடைக்கும். உதாரணமாக 495-இல் 0.90, 280-இல் 1.00 என்றால்: 2.493-ஐ 0.685-ஆல் வகுக்க 3.6. இது நல்ல அளவு. 2-க்குக் கீழே மங்கல். 5-க்கு மேலே போகப் போக ஆன்டிபாடியின் எதிர்மின் சுமை கூடி, நேர்மின் புரதங்கள் இருக்குமிடமெல்லாம் போய் ஒட்டும். வெளிச்சம் அதிகம் கிடைக்கும் என்று சாயத்தை அள்ளிக் கொட்டுகிறவர்களுக்கு வெளிச்சம் அதிகம்தான் கிடைக்கும், எல்லாப் பக்கத்திலிருந்தும்.

பிறகு டைட்டர். சொந்தச் செல்லின் மேல் 1:4, 1:8 என இரட்டிப்பாக 1:256 வரை நீர்த்துப் பாருங்கள். ஒளிர்வை 4+ முதல் பூஜ்யம் வரை தரம் போடுவது வழக்கம். 4+ தரும் கடைசி நீர்த்தல் 1:32 என்றால், அன்றாட வேலைக்கு ஒரு படி பின்னால் வந்து 1:16-ஐ வைத்துக்கொள்ளலாம். அந்த ஒரு படி, சாயம் நாளாக நாளாகச் சோர்ந்து போவதற்கான இருப்பு.

வேண்டாததைக் கழற்றுவது

பொதுவான ஆன்டிஜெனுக்கு எதிரான ஆன்டிபாடிகளைச் சீரத்திலிருந்து எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது வகைக்குரியது. ஆல்டோ காஸ்டெல்லானி 1902-இல் திரட்டல் சோதனைக்காக (சீரம் பட்டுச் செல்கள் திரிதிரியாகச் சேர்கின்றனவா என்று பார்ப்பது) சொன்ன இந்த அப்சார்ப்ஷன் உத்தி, ஒளிரும் ஆன்டிபாடிக்கும் அப்படியே பொருந்தும். பங்காளி ஸ்ட்ரெய்னை நிறைய வளர்த்து, கொன்று, நன்றாகக் கழுவி, சென்ட்ரிஃபியூஜில் இறுக்கி, மேல்நீரைச் சொட்டு மிச்சமில்லாமல் வடித்துவிடுங்கள். மிஞ்சும் நீர் சீரத்தை வீணாக நீர்க்கும். இறுகிய செல் 1 பங்குக்குச் சீரம் 3 அல்லது 4 பங்கு. 37 டிகிரியில் 1 மணி நேரம் அவ்வப்போது குலுக்கி, 4 டிகிரியில் ஒரு இரவு வைத்து, 10,000 ஜி-யில் சுழற்றி மேல்நீரை எடுங்கள். பங்காளி செல்லின் மேல் இது ஒளிர்வது நிற்கும் வரை புதுச் செல்லோடு திரும்பச் செய்ய வேண்டும். பெரும்பாலும் இரண்டு மூன்று சுற்றில் முடியும்.

ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் சொந்தச் செல்லின் டைட்டரையும் பார்க்க வேண்டும், இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பங்காளி மேல் ஒளிர்வு நின்றுவிட்டது என்ற சந்தோஷத்தில், சொந்தச் செல்லின் மேலும் அது கிட்டத்தட்ட நின்றுபோனதைக் கவனிப்பதில்லை.

இந்த அப்சார்ப்ஷன் சுத்தம் செய்யும் வேலை மட்டுமல்ல, வகைப்படுத்தும் கருவியும் இதுவேதான். அ, ஆ என்று இரண்டு ஸ்ட்ரெய்ன். அ-சீரத்தை ஆ-செல்லால் கழற்றுங்கள், ஆ-சீரத்தை அ-செல்லால் கழற்றுங்கள். இரண்டிலும் எதுவும் மிஞ்சவில்லை என்றால், இந்தச் சீரங்களுக்குத் தெரிந்தவரை இரண்டும் ஒன்று. இரண்டிலும் சொந்தச் செல்லுக்கான ஒளிர்வு மிஞ்சினால் ஒவ்வொன்றுக்கும் தனிச்சொத்து இருக்கிறது. அ-சீரத்தில் மட்டும் மிஞ்சி ஆ-சீரத்தில் மிஞ்சவில்லை என்றால், ஆ-விடம் இருப்பதெல்லாம் அ-விடமும் உண்டு, அ-விடம் கூடுதலாக ஒன்று உண்டு. ஒரு பக்கம் மட்டும் செய்து பார்த்தவருக்கு இந்த மூன்றாவது நிலை தெரியவே தெரியாது.

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இதற்கு நல்ல பாடம். ரெபெக்கா லேன்ஸ்ஃபீல்ட் 1933-இல் செல்சுவரின் சர்க்கரைப் பொருளை வைத்து இவற்றைப் பிரித்தார். ஏ பிரிவுக்குச் சாயமேற்றிய சீரம் சி, ஜி பிரிவுச் செல்களையும் பிடிக்கும். சி பிரிவுச் செல்லால் கழற்றிய பிறகே அது ஏ பிரிவுக்கு நம்பத்தக்கது. தொண்டைச் சளியில் கூடவே இருக்கும் ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் வேறு கணக்கு. அதன் புரதம் ஏ, எந்த முயல் ஐ.ஜி.ஜி.யையும் (ரத்தத்தில் அதிகமுள்ள ஆன்டிபாடி வகை) வாலைப் பிடித்து ஒட்டவைக்கும். ஆன்டிஜென் பொருத்தத்துக்கு அங்கே வேலையே இல்லை. எத்தனை முறை கழற்றினாலும் அது தீராது, ஏனென்றால் எல்லா ஆன்டிபாடிக்கும் வால் உண்டு. அதைக் கண்டுபிடிக்க எளிய வழி, ஊசி போடாத முயலின் ஐ.ஜி.ஜி.யிலும் அதே அளவு சாயமேற்றி, அதே புரத அளவில் பக்கத்துக் குழியில் விடுவது. அதுவும் ஒளிர்ந்தால் விஷயம் புரிந்துவிடும். வாலை வெட்டிய ஆன்டிபாடித் துண்டோ, புரதம் ஏ-யோடு ஒட்டாத கோழி ஆன்டிபாடியோ பயன்படுத்தித் தப்பிக்கலாம்.

ஸ்லைடும் கண்ணும்

மெக்ஃபார்லண்ட் 0.5 கலங்கல், அதாவது மில்லிலிட்டருக்குச் சுமார் 15 கோடி செல், 10 மைக்ரோலிட்டர் ஒரு குழிக்கு. காற்றில் உலர்த்தி, குளிர் அசிட்டோனில் 10 நிமிடம். லெஜியோனெல்லா போன்றவற்றுக்கு ஃபார்மலின். எதைத் தேர்ந்தாலும் கட்டம் முழுக்க ஒன்றே இருக்கட்டும், பாதியில் மாற்றினால் டைட்டர்களை ஒப்பிட முடியாது. சாயமேற்றிய ஆன்டிபாடியைக் குழி நிறைய விட்டு ஈரப் பெட்டியில் 37 டிகிரியில் 30 நிமிடம். விளிம்பில் காய்ந்தால் அந்த வட்டம் கழுவினாலும் போகாது, பச்சையாக நிற்கும். பி.ஹெச். 7.2 முதல் 7.6 பாஸ்பேட் உப்புநீரில் இரண்டு முறை, மொத்தம் 10 நிமிடம் கழுவி, வடிநீரில் ஒரு முக்கு. கிளிசரால் 9 பங்கும் பஃபர் 1 பங்கும் கலந்து பி.ஹெச். 8.5 முதல் 9-க்குள் வைத்து மூடுங்கள். ஃபுளோரசீன் காரத்தில்தான் நன்றாக ஒளிரும், பி.ஹெச். 6-ஐ நோக்கி இறங்கினால் பாதி வெளிச்சம் போய்விடும். போன மாதம் ஸ்லைடு நன்றாக இருந்தது, இந்த மாதம் எல்லாம் மங்கல் என்றால் முதலில் கிளிசராலின் பி.ஹெச். பாருங்கள், பிறகு விளக்கு எத்தனை மணி ஓடியது என்று பாருங்கள். 100 வாட் பாதரச விளக்குகள் 200 மணி நேரத்தை ஒட்டி மாற்ற வேண்டியவை.

உண்மையான ஒட்டல் எப்படி இருக்கும் என்பது ஒருமுறை கண்ணில் பதிந்தால் மறக்காது. மேற்பரப்பு ஆன்டிஜென் என்பதால் செல்லின் விளிம்பு நடுவைவிட வெளிச்சமாக, மெல்லிய வளையம்போல் நிற்கும். கோலின் இரு பக்கமும் கோடு இழுத்தாற்போல், நடு கொஞ்சம் இருட்டாக. இப்படி இல்லாமல் செல் முழுக்க ஒரே சீராக மங்கிய பச்சை நிரம்பியிருந்தால் சந்தேகப்படுங்கள். அது செத்துப்போன செல்லுக்குள் சாயம் புகுந்ததாகவோ இயல்பொளிர்வாகவோ இருக்கலாம். மஞ்சளாகத் தெரிந்தால் பெரும்பாலும் குப்பை. 0.01 சதவீத இவான்ஸ் நீலத்தைக் கலந்தால் பின்புலமும் ஒட்டாத செல்லும் சிவப்பாகத் தெரியும். இதில் இன்னொரு லாபம்: குழி காலியா, செல் இருந்தும் ஒளிரவில்லையா என்று பிரித்தறியலாம். கழுவும்போது செல்களெல்லாம் ஓடிப்போன குழியை "நெகட்டிவ்" என்று பதிந்த கட்டங்கள் கொஞ்சநஞ்சமல்ல.

படிக்கிறவருக்கு எந்தக் குழியில் என்ன என்று தெரியக் கூடாது. 3+ ஆ 2+ ஆ என்ற இடத்தில் ஆசை கண்ணை இழுக்கும். ஒரு பார்வைப்புலத்தையே வெறித்துக்கொண்டிருந்தால் சாயம் வெளுத்து, 4+ கண்முன்னே 2+ ஆகும். பார், தரம் போடு, நகர்.

கட்டத்தைப் படிப்பது

பத்து ஸ்ட்ரெய்ன் என்றால் பத்துச் சீரம், நூறு டைட்டர். ஒவ்வொரு சீரத்திலும் தனித்தனியே சாயமேற்றினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சாய அளவு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வெளிச்சம். அதனால் கட்டம் போட மறைமுக முறையே வசதி. சாயமேற்றாத சீரத்தை முதலில் விட்டு, முயல் அல்லது எலி ஐ.ஜி.ஜி.க்கு எதிரான ஒரே ஒரு சாயச் சீரத்தை எல்லாவற்றுக்கும் பொதுவாக விடுவது. அடையாளம் காண நேர்முறை (சீரத்திலேயே சாயமேற்றுவது), வகைப்படுத்த மறைமுகம் என்று பிரித்துக்கொள்ளலாம். மறைமுகத்தில் வெளிச்சம் பெருகும், குறுக்கு ஒட்டலும் பெருகும். ஆனால் இங்கே குறுக்கு ஒட்டல் எதிரி அல்ல, அளக்க வேண்டிய பொருளே அதுதான்.

வாங் (Wang), கிரேஸ்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 1970-இல் கிளாமிடியா ட்ரகோமேடிஸ் என்ற பாக்டீரியாவுக்கு இதை அழகாகச் சுருக்கினார்கள். மைப்பேனா முள்ளால் ஒவ்வொரு வகை ஆன்டிஜெனையும் சிறு புள்ளியாக ஸ்லைடில் நெருக்கமாக வைப்பது, அந்தப் புள்ளிக் கூட்டம் முழுவதன் மேலும் ஒரே சொட்டுச் சீரத்தை விடுவது. எல்லாப் புள்ளிக்கும் அதே சொட்டு, அதே நேரம், அதே கழுவல். வேறு வேறு ஸ்லைடு என்பதால் வரும் தடுமாற்றம் ஒரே வீச்சில் ஒழிந்தது. ஏ முதல் கே வரையும் எல்1 முதல் எல்3 வரையும் என்று இன்றும் புழங்கும் வகைப் பெயர்களுக்குப் பின்னால் இருப்பது இந்தப் புள்ளிகள்தான்.

சரி, எண்களை என்ன செய்வது? ரிக்கெட்ஸியாக்காரர்கள் 1978-இல் வைத்த கணக்கு எளிமையானது, கூர்மையானது. டைட்டரை 2-இன் அடுக்காக எழுதுங்கள்: 1:256 என்றால் 8, 1:2048 என்றால் 11. சொந்தச் சோடிகள் (சீரமும் அதன் சொந்தச் செல்லும்) இரண்டையும் கூட்டி, குறுக்குச் சோடிகள் (சீரமும் மற்றதன் செல்லும்) இரண்டின் கூட்டலைக் கழியுங்கள். 3 அல்லது அதற்கு மேல் என்றால் வெவ்வேறு வகை. 2 அல்லது கீழே என்றால் ஒரே வகை. விளக்கத்துக்காக இட்டுக்கட்டிய எண்கள் இவை:

அ-சீரம் அ-செல்லோடு 11, ஆ-செல்லோடு 8.
ஆ-சீரம் ஆ-செல்லோடு 10, அ-செல்லோடு 9.

ஆ-சீரத்தை மட்டும் பார்த்தவர் ஒரு படிதான் வித்தியாசம், படிக்கும் பிழைக்குள் அடங்கும், இரண்டும் ஒன்று என்பார். நான்கையும் சேர்த்தால் 21-இலிருந்து 17 போக 4. வேறு வகை.

இப்போது இ என்று மூன்றாவது ஒன்று. அ-சீரம் அ-செல்லோடு 11, இ-செல்லோடு 7. நான்கு படி, அதாவது 16 மடங்கு வித்தியாசம். கண்ணை மூடிக்கொண்டு வேறு வகை என்று சொல்லத் தோன்றும். ஆனால் இ-சீரம் இ-செல்லோடு 6, அ-செல்லோடு 9. தன் செல்லைவிடப் பங்காளியை நன்றாகப் பிடிக்கிறது! 17-இலிருந்து 16 போக 1. ஒரே வகை. நடந்தது என்னவென்றால், இ-செல் தன் ஆன்டிஜெனைக் குறைவாகக் காட்டுகிறது. உறை மூடியிருக்கலாம், வளர்ப்பு பழசாகியிருக்கலாம், ஸ்லைடில் சரியாகப் படியாமல் இருக்கலாம். எந்தச் சீரம் விட்டாலும் அது மங்கலாகத்தான் தெரியும்.

இந்தக் கழித்தல் ஏன் வேலை செய்கிறது என்பதும் அங்கேயே இருக்கிறது. ஒரு சீரம் பலமானது என்றால் அதன் சொந்தச் சோடியும் குறுக்குச் சோடியும் ஒன்றாக ஏறும், கழித்தலில் அடிபட்டுப் போகும். ஒரு செல் மங்கலானது என்றால் அதன் சொந்தச் சோடியும் குறுக்குச் சோடியும் ஒன்றாக இறங்கும், அதுவும் அடிபடும். எலியின் உடல்நிலை, ஸ்லைடின் தரம் இரண்டும் போக, மிஞ்சுவது ஆன்டிஜென் வித்தியாசம் மட்டும். ஆனால் இதற்கு நான்கு எண்ணும் வேண்டும். மூன்று எண் வைத்துக்கொண்டு நான்காவதை ஊகிப்பது கணக்கே அல்ல. ஒவ்வொரு டைட்டரும் ஒரு படி முன்பின் ஆகக்கூடியது என்பதால் 2-க்கும் 3-க்கும் நடுவே ஆடுகிற சோடிகளைப் புது எலி, புது ஸ்லைடு வைத்துத் திரும்பப் பார்க்க வேண்டும்.

இந்த உறவு எதுவரை

கட்டம் சொல்வது மேற்பரப்பின் உறவை, பரம்பரையின் உறவை அல்ல. புருசெல்லா அபார்டஸ், யெர்சினியா என்டரோகொலிட்டிகா ஓ:9, ஈ. கோலை ஓ157 மூன்றையும் ஒரு கட்டத்தில் வைத்தால் மூன்றும் ஒன்றையொன்று பிடிக்கும். காரணம், மூன்றின் ஓ சங்கிலியிலும் பெரோசமைன் என்ற சர்க்கரை பொதுவாக இருக்கிறது. புருசெல்லாவும் ஈ. கோலையும் பரம்பரையில் வெகுதூரம். ஓ சங்கிலியைக் கட்டும் ஜீன் தொகுதிகள் பக்கவாட்டில் இனம் விட்டு இனம் தாவக்கூடியவை. ஆகவே இனத்துக்குள் ஸ்ட்ரெய்ன்களைப் பிரிக்க இந்த முறை அருமை, இனங்களுக்கு இடையே வம்சாவளி எழுத உதவாது. அதற்கு டி.என்.ஏ. வரிசைதான். ஒற்றை எபிடோப்பை (ஆன்டிஜெனில் ஆன்டிபாடி ஒட்டும் ஒரு சிறு இடத்தை) மட்டும் பிடிக்கும் மோனோக்ளோனல் ஆன்டிபாடி வந்ததும் அப்சார்ப்ஷன் வேலை குறைந்தது. ஆனால் அந்த ஒரே எபிடோப் ஒரு திடீர்மாற்றத்தில் போய்விட்டால் ஸ்ட்ரெய்ன் மொத்தமும் மாறிவிட்டதுபோல் தெரியும். அதனால் ஒன்றை நம்பாமல் குழுவாக வைத்துப் பார்ப்பார்கள்.

சீரங்களைச் சிறு பகுதிகளாகப் பிரித்து உறையவைத்து, ஒரு முறை உருக்கியதைத் திரும்ப உறையவைக்காமல் பயன்படுத்துங்கள். சாயமேற்றியது நாளானால் சாயம் கழன்று மிதக்கும். பின்புலம் திடீரென்று பச்சையானால் ஜி-25 பத்தியில் இன்னொரு முறை இறக்கினால் தெளியும். சீரத்தைவிடச் சீக்கிரம் மாறுவது ஸ்ட்ரெய்ன். தட்டிலிருந்து தட்டுக்கு மாற்றிக்கொண்டே இருந்தால், முயலுக்குப் போன செல் வேறு, இரண்டு வருடம் கழித்து ஸ்லைடில் இருக்கும் செல் வேறு. முயலுக்குக் கொடுத்த அதே நாளில், அதே வளர்ப்பிலிருந்து பத்திருபது குப்பிகளை உறைஉலர்த்தி வைத்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் புதுக் குப்பியை உடையுங்கள்.